சுமங்கலின்னு பேர் வெச்ச புண்ணியவான்களுக்கு

2013ல பாலாவோட பரதேசி வந்தப்ப திருப்பூர்ல தியேட்டர்லயே போய்ப் பாத்தேன். கங்காணி ஊருக்குள்ள வந்து, முன்பணம் குடுத்து, சனங்களைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போற காட்சியில பக்கத்து சீட்டுக்காரர் கர்ச்சீப்பை எடுத்துட்டார். பனியன் கம்பெனி வெச்சிருக்கறவர், நல்ல மனுசன். இடைவேளையில "அந்தக் காலத்துல எப்படியெல்லாம் பண்ணியிருக்கானுக பாருங்க"ன்னார். நானும் தலையாட்டி வெச்சேன்.

அந்தக் காலமா? அந்தப் படத்துக்கு ஆதாரம் பி.எச்.டேனியல் 1969ல எழுதின ரெட் டீ நாவல். (இரா.முருகவேள் எரியும் பனிக்காடுன்னு தமிழ்ல கொண்டு வந்தார், படிக்காதவங்க படிச்சிருங்க.) அதுல வர்ற கங்காணி திருநெல்வேலிச் சீமையில ஆள் புடிச்சான். நம்ம கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஸ்பின்னிங் மில்லுகளுக்கு ஆள் புடிச்ச புரோக்கரும் அதே தெக்கத்திக் கிராமங்களுக்குத்தான் போனான். அதே ஏழைங்க, அதுலயும் தலித் வீட்டுப் புள்ளைங்கதான் அதிகம். வித்தியாசம் என்னன்னா இவன் கையில நோட்டீஸ் இருந்துச்சு: மூணு வருசம் வேலை, சாப்பாடு, ஹாஸ்டல், முடிச்சுட்டுப் போறப்ப 30 ஆயிரத்துல இருந்து 50 ஆயிரம் வரைக்கும் மொத்தமா கையில. கல்யாணத்துக்கு ஆகும். பேரு சுமங்கலித் திட்டம்!

வரதட்சணை வாங்கறதும் குடுக்கறதும் குற்றம்னு 1961லயே சட்டம் போட்டாச்சு. அந்த வரதட்சணையைக் காட்டியே ஆள் எடுத்தாங்க. ஒரு பய கேக்கலை.

இப்ப கணக்குக்கு வர்றேன். 40 ஆயிரம்னு வெச்சுக்கங்க. 36 மாசத்துக்கு வகுத்தா மாசம் 1,111 ரூபாய் சொச்சம். இதை போனஸ், உதவித்தொகைன்னு முதலாளிமார் சொன்னாங்க. போனஸுன்னா அதுக்கு முன்னாடி முழுச்சம்பளம் குடுத்திருக்கணுமில்ல? அதுதான் இல்லை. 'அப்ரண்டிஸ்'னு பேர் போட்டு வருசக்கணக்குல பாதிக்கூலி. அப்ப அது அவ கூலியில இருந்தே புடிச்சு வெச்ச காசு. 500 புள்ளைங்க இருக்கற மில்லுல மூணு வருசத்துல ரெண்டு கோடி ரூபாய். வட்டியில்லாக் கடன். எந்த பேங்க்குங்க குடுக்கும் இப்படி?

தேயிலைத் தோட்டத்துல கடன் வாங்கினவன் மாட்டிக்கிட்டான். இங்க கடன் குடுத்தவ மாட்டிக்கிட்டா. பாதியில கிளம்பினா தன் காசு போயிருமேன்னு அவளே தன்னைக் கட்டிப் போட்டுக்குவா. கங்காணிக்குக் கூட இந்த மூளை வரலை. சம்பளத்தை ஒரு மாசத்துக்கு மேல புடிச்சு வெக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் 1936லயே சட்டம் போட்டுட்டுப் போனான், கொத்தடிமை முறையை 1976ல ஒழிச்சோம். எல்லாம் புத்தகத்துல பத்திரமா இருந்துச்சு.

2009ன்னு நினைக்கறேன், திண்டுக்கல்லுக்குப் போற பஸ்ல ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. புள்ளைக்குப் பதினேழு இருக்கும், ஓயாம இருமல். ரெண்டரை வருசம் ஒரு மில்லுல இருந்திருக்கு. ஒடம்பு முடியாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "மூணு வருசம் முடிக்கலைல்ல தம்பி, அதான் காசு கிடையாதுன்னுட்டாங்க"ன்னு அந்தம்மா சொன்னது கோவமாக் கூட இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி சொன்னாங்க. தாராபுரத்துல பஸ் நின்னப்ப புள்ளைக்கு டீ வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது, வேற என்ன கிழிச்சேன்?

2011ல நெதர்லாந்து நாட்டு சோமோ அமைப்பு இன்னொரு அமைப்போட சேந்து இதைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. வெளிநாட்டு பிராண்டுக்காரன் கேள்வி கேட்டான், உடனே சுமங்கலிங்கற பேரு போஸ்டர்ல இருந்து மெல்லக் காணாமப் போச்சு. ஹாஸ்டல் போகலை, வார்டன் போகலை, கேட்டுல பூட்டும் போகலை. இப்ப ஒடிசா, ஜார்க்கண்ட் புள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றாங்க. அதுக்கு வீட்டுக்குப் போறதுன்னா பஸ்ஸெல்லாம் பத்தாது, ரெண்டு நாள் ரயில்.

2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டுல தையல் வேலை செய்யற சுமார் நூறு பொண்ணுங்களைப் பாத்துப் பேசினாங்க. மாதவிடாய் வலின்னா பேர் கூட இல்லாத மாத்திரையைக் குடுத்து மறுபடி மிஷின்ல உக்கார வெக்கறாங்கன்னு அத்தனை பேரும் சொல்லியிருக்காங்க.

"அவங்க வீட்டுல பட்டினியா கிடந்தா பரவாயில்லையா, நாங்க சோறு போட்டோம்"னு சொல்லுவீங்க. தோட்டத்து தொரையும் இதைத்தான் சொன்னான். "பையர் வெலையைக் கொறைக்கறான், நாங்க என்ன பண்ண"ங்கறது வேற. அது நெசந்தான், ஒத்துக்கறேன். ஆனா அவன் கொறைச்ச பைசாவை எடுக்கறதுக்கு அந்தப் புள்ளையோட நுரையீரல்தான் கிடைச்சுதா?

முடியாததில்லை. 2021ல திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டாங்க, சூப்பர்வைசரைக் கைது பண்ணாங்க. அதுக்கப்புறம் 2022 ஏப்ரல்ல, பெண்கள் நடத்தற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், திருப்பூர் ஈஸ்ட்மேன் கம்பெனியோட ஒப்பந்தமே போட்டாங்க, திண்டுக்கல் ஒப்பந்தம்னு பேரு. பாலியல் தொல்லையைப் பத்திப் புகார் சொல்றவங்களுக்குப் பாதுகாப்பு, யூனியனுக்கு உள்ள இடம். வானம் இடிஞ்சு விழுந்துருச்சா? அதை ஒவ்வொரு ஸ்பின்னிங் மில்லுலயும் போடுங்க. முழுச்சம்பளத்தை மாசாமாசம் புள்ளைங்க அக்கவுண்ட்ல போடுங்க. ஷிப்ட் முடிஞ்சா கேட்டைத் திறந்து விடுங்க.

படம் பாத்து அழுத அண்ணா இதைப் படிப்பாரான்னு தெரியலை. அண்ணா, அன்னிக்கு நான் தலையாட்டினது தப்புங்க. நேர்ல பாத்தாலும் சொல்றேன்.