பாட்டை முடிக்க விடுங்கள்

அமெரிக்காவின் கறுப்பின சங்கீத மேதைகளைப் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவரும் ஆவணப்படங்கள் பலவற்றில், பாடகர் வாயெடுத்துப் பத்து விநாடி ஆவதற்குள் காட்சி மாறி, இன்றைய பிரபலஸ்தர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துகொண்டு அவருடைய பெருமையை எடுத்துரைக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் சொல்வது முற்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு கலைஞர் செய்த புதுமை இன்னதென்று அவருடைய கலைதான் நம் செவிக்கு நிரூபிக்க வேண்டுமேயன்றி, பிறர் வழங்கும் நற்சாட்சிப் பத்திரங்களால் அது ஒருக்காலும் விளங்காது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீத்தா ஃப்ராங்க்ளின் இரண்டு இரவுகள் பக்திப் பாடல்கள் பாடினார். அதைப் படம்பிடிக்க வந்த சிட்னி பொல்லாக், கைதேர்ந்த இயக்குநராயிருந்தும், கிளாப் அடித்துக்கொள்ளத் தவறியமையால், ஒலியையும் உதட்டசைவையும் பொருத்த வழியின்றிப் படம் கிடப்பில் விழுந்தது. பாடல்கள் அவ்வாண்டே இசைத்தட்டாக வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றன. படமோ, புதிய தொழில்நுட்பத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்த பிறகும், அரீத்தாவே வழக்குத் தொடுத்துத் தடுத்தமையால், 2018-இல் அவர் காலமான பின்னரே திரைக்கு வந்தது. ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் அப்படத்தில் வியாக்கியானம் செய்வார் எவருமில்லை. பியானோவின் முன் அமர்ந்து பாடும் மகளின் முகத்தில் வியர்வை வழிந்தோடுவதைக் கண்டு, போதகரான தந்தை எழுந்து வந்து துணியால் ஒற்றிவிடுகிறார். மகளோ பாட்டை நிறுத்துவதில்லை. ‘சோல்’ இசையின் பேரரசி என்று உலகம் கொண்டாடிய அந்தக் குரல் எந்த மண்ணில் வேர்விட்டது என்பதை, பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் பேசினாலும், இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா?

ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் பற்றி ஷார்லட் ஸ்வெரின் இயக்கிய ‘ஸ்ட்ரெயிட், நோ சேஸர்’ (1988) படமும் இவ்வகையில் போற்றத்தக்கது. மோதிரம் அணிந்த அவருடைய விரல்கள், பியானோ ஆசிரியர் எவரும் சம்மதிக்காத வண்ணம் மட்டமாக நீண்டு கட்டைகளின் மேல் விழுவதை, 1960-களில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள் அருகிலிருந்து காட்டுகிறது. அபஸ்வரம்போல் ஒலிப்பது எவ்வளவு நிர்ணயமான ஸ்வரம் என்பது கண்ணுக்கே புலனாகிறது.

சரித்திரப் பின்னணி தெரியாத இளந்தலைமுறைக்கு விளக்கம் வேண்டாவா என்று கேட்பாருக்குக் குவெஸ்ட்லவ் இயக்கி ஆஸ்கார் பரிசு பெற்ற ‘சம்மர் ஆஃப் சோல்’ (2021) தக்க விடையாகும். 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில், ஞாயிறுதோறும் பூங்காவில் திரண்ட பெருங்கூட்டத்தின்முன் நடந்த இசைவிழாவை ஹால் டல்ச்சின் படம்பிடித்தார். விளக்கு வைக்கப் பணமில்லாமையால், பிற்பகல் வெயிலே வெளிச்சமாகும்படி மேடையை மேற்கு நோக்கி அமைத்தார்கள். அதே கோடையில் நிகழ்ந்த வுட்ஸ்டாக் விழாவின் படம் மறு வருஷமே உலகெங்கும் ஓட, இச்சுருள்களின் பெரும்பகுதி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்தது. இப்படத்திலும் பேச்சு உண்டு, சிற்சில இடங்களில் வேண்டுவதற்கு மிகையாகவே உண்டு. ஆனால் முந்தைய ஆண்டில் கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகப் பிரியமான பாடலை, உடல்நலம் குன்றியிருந்த மஹாலியா ஜாக்சன் இளம்பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸைத் தொடங்கச் சொல்லி, பின்னர் தாமும் சேர்ந்து, ஒரே ஒலிவாங்கியை இருவரும் மாறி மாறிப் பற்றிக்கொண்டு ஆகாயம் அதிரப் பாடும் இடத்தில், முன்கூட்டிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் படம் ஒதுங்கி நிற்கிறது. ஒரு தலைமுறை தன் துக்கத்தை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பதை நாம் நேரில் காண்கிறோம்.

டல்ச்சின் எடுத்தது சுமார் நாற்பது மணி நேரம். இப்படமோ இரண்டு மணி நேரத்திற்கும் உட்பட்டது. ஆகவே, பரிசளித்துக் கௌரவித்ததோடு திருப்தி அடைந்துவிடாமல், எஞ்சிய பாட்டுகளையும் வெட்டாமல், இடையே எவரையும் பேசவிடாமல், முதலிலிருந்து முடிவுவரை உலகத்து ரசிகர்கள் கேட்கும் வண்ணம் வெளியிடுவதே, உரிமை பெற்றவர்கள் அடுத்துச் செய்யவேண்டிய காரியம்.