நீங்கள் முன்னே போங்கள்!

ஜப்பான் தேசத்துப் பேய் என்றதும் தலையில் கொம்பும் கையில் இரும்புத் தடியுமாக நிற்கும் 'ஓனி'தான் பலருக்கு ஞாபகம் வரும். நீண்ட மூக்குள்ள 'தெங்கு', ஆற்றில் குடியிருக்கும் 'கப்பா' ஆகியவையும் பிரபலமானவைதான். இவையெல்லாம் பேய்களிலே பெரிய மனிதர்கள். அதிகம் வெளியே தெரியாத சில்லறைப் பேய்களும் அங்கே ஏராளம். இந்தக் கூட்டம் முழுவதற்கும் 'யோகாய்' என்று பொதுப் பெயர். சில்லறைப் பேய்களில் பல, ஆளை விழுங்குவதுமில்லை, ரத்தம் குடிப்பதுமில்லை. பின்னே என்னதான் செய்கின்றன? கேளுங்கள்.

நாரா பகுதியில் ஒரு பேய் உண்டு. இருட்டில் தனியாக நடந்து போகிறீர்கள். பின்னால் யாரோ வருவது போல் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை! இந்தப் பேயின் பெயர் 'பெத்தோபெத்தோ ஸான்'. 'ஸான்' என்பது மரியாதைச் சொல். நாம் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று சேர்க்கிறோமே, அது மாதிரி. இதை விரட்ட மந்திரமும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். பாதை ஓரமாக ஒதுங்கி நின்று, "பெத்தோபெத்தோ ஸான், நீங்கள் முன்னே போங்கள்" என்று சொன்னால் போதும். சத்தம் நின்றுவிடுமாம். பேயிடம்கூட உபசாரம்!

இன்னொன்று குளிக்கும் அறைக்கு வருவது. பெயர் 'அகாநாமே', அதாவது அழுக்கு நக்கி. தொரியாமா ஸெகியென் என்ற ஓவியர் 1776-ல் வெளியிட்ட பேய்ப் படப் புத்தகத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். ஊர் உறங்கிய பிறகு வந்து, தொட்டியில் படிந்த அழுக்கை நக்கிவிட்டுப் போகும். வேறு கெடுதல் கிடையாது. ஆனாலும், நம் வீட்டுத் தொட்டியைப் பேய் நக்கியது என்றால் யாருக்குப் பிடிக்கும்? தூங்குவதற்கு முன் தேய்த்துக் கழுவிவிட வேண்டியதுதான்!

பழைய சாமான்களும் சும்மா இருப்பதில்லை. நூறு வருஷம் உழைத்த பாத்திரத்துக்கும் குடைக்கும் உயிர் வந்துவிடும். அப்போது அதன் பெயர் 'த்ஸுகுமோகாமி'. வருஷக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் நன்றி இல்லாமல் தெருவில் எறிந்த சாமான்கள், ஒன்றாகச் சேர்ந்து பழி வாங்கக் கிளம்பியதாக ஒரு பழங்கதை உண்டு.

இப்படிச் சிரிப்பாகத் தோன்றும் பேய்கள் ஆபத்துக் காலத்தில் எதற்கு உதவும் என்று கேட்கலாம். உதவியிருக்கின்றன.

'நூரிகாபே' என்றொரு பேய்; பூசிய சுவர் என்று அர்த்தம். ராத்திரியில் நடக்கிறவனுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத சுவராக வந்து நிற்கும். மேலே அடித்தால் பயனில்லை. கீழே ஒரு கோலால் தட்டினால் மறைந்துவிடும் என்பார்கள். மிஸுகி ஷிகேரு என்பவர் இரண்டாவது உலக யுத்தத்தில் நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்ட சாதாரணச் சிப்பாய். கூட இருந்தவர்களைப் பறிகொடுத்து, காட்டில் தனியாக ஓடி வந்தார். ஒரு நாள் இருட்டில் ஏதோ சுவர் மறித்தது போல் மேலே ஓர் அடி வைக்க முடியவில்லை. களைத்து உட்கார்ந்து இளைப்பாறி எழுந்தபோது வழி விட்டிருந்தது. பிற்பாடு, குண்டு வீச்சில் இடது கையையும் இழந்தார்.

ஊர் திரும்பிய மிஸுகி, மிஞ்சிய ஒரு கையால் படக் கதை எழுதிப் புகழ் பெற்றார். கிராமங்களில் மறைந்துகொண்டிருந்த சில்லறைப் பேய்களையெல்லாம் தேடிப் பிடித்து வரைந்தார். காட்டில் அவரை மறித்த நூரிகாபே, அவருடைய கதையில் நல்ல மனம் படைத்த சிநேகிதனாக வருகிறது! 2015-ல், 93 வயதில் அவர் காலமானார். அவர் வளர்ந்த ஸகாய்மினாதோ நகரத் தெருவில் இன்று 170-க்கு மேற்பட்ட பேய்கள் வெண்கலச் சிலைகளாக நிற்கின்றன. குழந்தைகள் அவற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கின்றன.

கடைசியாக ஒன்று. 1846-ல் ஹிகோ நாட்டுக் கடலில் இரவுதோறும் ஏதோ பிரகாசித்தது. அதிகாரி ஒருவர் போய்ப் பார்த்தார். நீண்ட கூந்தல், பறவை அலகு, மீன் செதில், மூன்று கால். "நான் அமாபியே. ஆறு வருஷம் நல்ல விளைச்சல். கூடவே கொள்ளை நோயும் வரலாம். என் படத்தை வரைந்து ஜனங்களுக்குக் காட்டு" என்று சொல்லி மறைந்ததாம். அக்காலத்துச் செய்தித்தாள் ஒன்றில் படத்தோடு வந்த சமாசாரம் இது. பிறகு வெகு காலம் அதை அதிகம் பேர் நினைக்கவில்லை. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது ஜப்பானியர் வீட்டுக்கு வீடு அமாபியே வரைந்தார்கள். நோயைப் பரப்பாதீர்கள் என்று சொல்ல, அரசாங்கத்தின் சுகாதார இலாகாவே அந்தப் படத்தைப் போட்டது.

படம் நோயைத் தீர்க்கும் என்று படித்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு, சேர்ந்து செய்ய ஒரு வேலையும், பயத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு முகமும் கிடைத்தன. பெயர் தெரியாத பயம்தான் நம்மை ஓட ஓட விரட்டும். பெயர் வைத்து, மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டால், அது நம்மைத் தாண்டித் தன் வழியே போய்விடும்.

இன்றிரவு பின்னால் காலடிச் சத்தம் கேட்டால், சொல்ல வேண்டியது ஞாபகம் இருக்கிறதல்லவா?