மண்ணுக்கு ஏற்ற வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. வீடு கட்டுவது லேசான காரியம் அல்ல. ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அதில் போகிறது.

மதுரையைச் சுற்றி வயலும் தோப்புமாக இருந்த இடங்களில் இப்போது புது வீடுகள் எழும்புகின்றன. கிராமத்துக் காற்றை அனுபவிக்க ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால், பலர் பட்டணத்து வீட்டை அப்படியே தூக்கி வந்து தோட்டத்தின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். மேலே மொட்டை கான்கிரீட். மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். சித்திரை மாதம் வந்தால் உள்ளே இருக்க முடிவதில்லை!

புது வீடு வேண்டும். அது அந்த மண்ணோடு ஒட்டியும் இருக்க வேண்டும். இது நடக்குமா? நடக்கும். நடத்திக் காட்டியவர் ஒருவர் இருந்தார்.

பாவா காட்டிய வழி

அவர் பெயர் ஜெப்ரி பாவா. இலங்கைக்காரர். 1919-ல் பிறந்து, 2003-ல் மறைந்தவர். முதலில் வக்கீல், பிறகு கட்டடக் கலை நிபுணர். 1982-ல் திறக்கப்பட்ட இலங்கைப் பாராளுமன்றக் கட்டடம் அவர் வடிவமைத்தது. 1970-களில் மதுரையிலும் ஒரு கிளப் கட்டடத்தை அவர் வடிவமைத்தார்.

இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஏரி இருக்கிறது. 1990-களில் அதன் கரையில் பாவா ஒரு பெரிய ஓட்டல் கட்டினார். அங்கே பாறையைத் தகர்த்துத் தரையைச் சமமாக்கவில்லை. மலைச் சரிவை ஒட்டியே கட்டடத்தை வளைத்துக்கொண்டு போனார். மலையில் பெய்யும் மழைநீர் கட்டடத்துக்குக் கீழே புகுந்து ஏரிக்குப் போக வழி விட்டார். இன்று செடி கொடிகள் அந்த ஓட்டலை மூடியிருக்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடம் எது, காடு எது என்றே தெரியாது!

அவ்வளவு பெரிய ஓட்டலுக்கு முடிந்தது, ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு முடியாதா?

தண்ணீருக்கு வழி

மதுரை வட்டாரம் கண்மாய்ப் பூமி. ஒரு கண்மாய் நிறைந்தால், மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். வெயில் காலத்தில் அந்தக் கால்வாய் வெறும் பள்ளமாகத் தெரியும். அதைத் தூர்த்துச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? மேலே உள்ள தெருவில் வெள்ளம் புகும். கீழே உள்ள கண்மாய் காயும். ஒருவர் வீடு, ஊரார் வயிற்றில் அடிக்கலாமா?

வெயிலுக்குத் தடுப்பு

மதுரை வெயில் உச்சந்தலையில் அடிக்கும் வெயில். வீட்டில் மிகுதியாகச் சூடேறுவது கூரைதான். கான்கிரீட் கூரை பகல் முழுவதும் சூட்டை வாங்கி, இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. மின்விசிறி போட்டாலும் வெந்த காற்றுதான் வரும். கூரைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் சூடு குறையும்.

வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவரில் மட்டும் விழும். மேற்கே ஒரு வேம்பு இருந்தால் அதை வெட்டக் கூடாது. எதிர் எதிராக ஜன்னல், நடுவில் முற்றம், வாசலில் திண்ணை – இவை பாட்டன் காலத்துப் பழங்கதை அல்ல. காற்றும் நிழலும் தரும் ஏற்பாடுகள். குழாயும் மின்சாரமும் உள்ள நவீன வீட்டில் இவையும் இருக்கலாம்.

"இதற்கெல்லாம் செலவு ஆகுமே" என்று சிலர் நினைக்கலாம். வீட்டைத் திசை பார்த்து வைக்கக் காசு வேண்டாம். மரத்தை வெட்டாமல் விடவும் காசு வேண்டாம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதற்கு ஏற்ற அஸ்திவாரம் போடாவிட்டால், எத்தனை அழகான சுவரும் விரிசல் விடும்.

வீடு கட்ட ஆசைப்படுவோர் மேஸ்திரியைத் தேடும் முன் ஒரு காரியம் செய்யட்டும். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நிற்கட்டும். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று மண்ணே காட்டிவிடும். அந்த வழியை விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் கட்டட்டும்.

வீடும் குளிரும், ஊரும் குளிரும்!