சித்திரத்தைக் கண்டு தீர்ப்புக் கூறலாமா?

விளையாட்டு யந்திரம் ஒன்றின்மேல் வரையப்பட்ட சித்திரத்தைக் குறித்து, வயதும் அறிவும் முதிர்ந்த மாந்தர் நாட்கணக்காக வழக்காடுகின்றனர் என்று கூறினால், நம் வாசகருட் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இஃது ஆண்டுதோறும் நிகழ்வதொன்றாகும். 'பின்பால்' என்னும் பந்தாட்ட யந்திரம் புதிதாக ஒன்று விற்பனைக்கு வருமுன்னர், அதன் சித்திரங்களைக் கம்பெனியார் முன்னோட்டமாக வெளியிடுவர். யந்திரத்தை ஒருவரும் தொட்டறியாத அந்நாளிலேயே ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு சாரார், இதனினும் அழகிய படம் இதுகாறும் வந்ததில்லை என்பர். மற்றொரு சாரார், முகம் ஒவ்வவில்லை, நிறம் மிகுந்துவிட்டது, கத்தரித்து ஒட்டிய வேலை என்பர். இவ்வழக்கு வீண்வழக்கு அன்று என்பதும், ஆனால் அதனை நடத்தும் முறையிற் சில திருத்தங்கள் வேண்டும் என்பதும் நமது கருத்து.

இவ்விளையாட்டைக் கண்டிராதார் பொருட்டு அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். நான்கு கால்களையுடைய நீண்ட பெட்டி ஒன்று. அதனுள் ஆடுவோனை நோக்கிச் சற்றே சாய்ந்த பலகைத் தளம். அதன்மேற் கண்ணாடி மூடி. ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் குறுக்களவும் 80 கிராம் எடையுமுள்ள எஃகுப் பந்து, சுருள்வில் பொருத்திய தண்டினால் மேலே எறியப்படுகின்றது. அது தடைகளின்மேல் மோதிக் கீழே உருண்டு வருங்கால், ஆடுவோன் பெட்டியின் இருபுறத்துமுள்ள பொத்தான்களை அழுத்தி, 'பிளிப்பர்' எனப்படும் சிறு தட்டுகோல்களால் அதனை மீண்டும் மேலே செலுத்துகின்றான். தட்டுகோல்களின் இடைவெளியில் வீழ்ந்த பந்து இழந்த பந்தாகும். பெட்டியின் மறுகோடியில் நிமிர்ந்து நிற்கும் பகுதியில், பின்னிருந்து விளக்கொளி வீசும் முகப்புச் சித்திரம் காட்சியளிக்கும். முகப்பு, பெட்டியின் பக்கங்கள், ஆடுதளம் ஆகிய மூன்றிடத்தும் சித்திரம் உண்டு.

இச்சித்திரம் வெறும் ஒப்பனையாகத் தோன்றியதன்று. 1871ஆம் ஆண்டு மாண்டேகு ரெட்கிரேவ் என்பார் சுருள்வில் தண்டுடன் கூடிய பந்தாட்டப் பலகைக்கு அமெரிக்காவில் உரிமைப் பட்டயம் பெற்றார். 1931இல் சிகாகோ நகரத்துக் காட்லீப் கம்பெனியார் 'பேஃபிள் பால்' என்னும் யந்திரத்தை ஏராளமாக விற்றனர். தட்டுகோல்கள் வந்தது அவர்களே 1947இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' யந்திரத்தில்தான். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் யந்திரம் அது. ஒன்றினருகே மற்றொன்று வரிசையாக நிற்கும். வழியே போவானை விளித்து நிறுத்துவதற்கு அதற்கிருந்த நா அதன் சித்திரமே. சூதாட்டக் கருவி என்று கருதி நியூயார்க் நகரத்தார் 1942ஆம் ஆண்டு முதல் 1976ஆம் ஆண்டு வரை இதனைத் தடை செய்திருந்த காலத்திலும், பிற ஊர்களில் அந்நா ஓயாது பேசிக்கொண்டே இருந்தது.

பழைய சித்திரங்கள் திரையச்சு முறையில் ஆக்கப்பட்டவை. ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனித் திரை வேண்டும். ஒரு நிறம் உலர்ந்தபின்னரே மறுநிறம் ஏறும். ஆதலின் ஓவியர் சில நிறங்களைக்கொண்டே பல வித்தைகள் செய்யவேண்டியவராயினர். தெளிந்த கோடும், அகன்ற நிறப்பரப்பும், தூரத்தே நிற்பானுக்கும் விளங்கும் உருவமும் அக்கட்டுப்பாட்டினின்றே பிறந்தன. 'ஹம்ப்டி டம்ப்டி'யின் ஓவியராகிய ராய் பார்க்கரும், 1975இல் 'விஸார்ட்', 1976இல் 'கேப்டன் ஃபென்டாஸ்டிக்' என்பவற்றைப் பாலி கம்பெனிக்கு எழுதிய டேவ் கிறிஸ்டென்சனும் இத்துறையிற் பெயர் பெற்றவர்கள். 1992இல் வெளிவந்து 20,000க்கு மேல் விற்ற 'ஆடம்ஸ் ஃபேமிலி' திரைப்படத்தைத் தழுவியதேயாயினும், ஜான் யூசி அந்நடிகர்களைக் கையாலேயே தீட்டினார்.

பின்னர் ஒரு தளர்ச்சி வந்தது. 1999இல் வில்லியம்ஸ் கம்பெனியார் இத்தொழிலைக் கைவிட்டனர். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஸ்டெர்ன் கம்பெனி ஒன்றே பெருமளவில் யந்திரங்களைச் செய்துவந்தது. அக்காலத்துப் பல யந்திரங்களில், திரைப்படக் கம்பெனி தந்த புகைப்படங்களைக் கணிப்பொறியிற் கத்தரித்து அடுக்கியதே சித்திரம் என்று பெயர் பெற்றது. ரசிகர் இதனை ஏற்றிலர். வரையும் கை எங்கே என்று ஒவ்வொரு முன்னோட்டத்தின்போதும் கேட்டனர். 2016இல் ஜெரமி பேக்கர் என்னும் ஓவியர் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' யந்திரத்தைக் கோடுகோடாக வரைந்து தந்தபொழுது அவர்கள் காட்டிய மகிழ்ச்சி பெரிது. அவரே பின்னர் 2018இல் 'டெட்பூல்', 2021இல் 'காட்ஸில்லா' முதலியவற்றுக்கும் எழுதினார். கை மீண்டும் யந்திரத்தினிடம் வந்ததற்கு ரசிகரின் விடாத முறையீடு ஒரு காரணம் என்பது நமது துணிபு.

ஓவியனை அவன் போக்கில் விடுதலே நன்று, கூட்டத்தின் கூச்சலாற் கலை தாழும் என்று கூறுவாரும் உளர். தனியே தன் மகிழ்ச்சிக்காக எழுதும் ஓவியன் திறத்து அவ்வுரை பொருந்தலாம். இதுவோ காசு கொடுப்பான் ஒருவனைக் கருதியே பிறந்த கலை. அவன் கண்ணிற்கு முன்னரே எழுபத்தைந்தாண்டுக்கு மேல் வளர்ந்த கலை. வீட்டில் நாம் வாங்கும் நாற்காலியின் வடிவைப் பற்றியோ, கடிகாரத்தின் முகத்தைப் பற்றியோ எத்துணைப் பேர் இவ்வாறு நுணுகி ஆராய்கின்றனர்? பழைய ஓவியர் பெயர்களை அறிந்து, ஒருவர் கோட்டை மற்றொருவர் கோட்டினின்று பிரித்துணர்ந்து, பொதுமக்கள் ஒரு கலையைப் பற்றி வழக்காடுவது போற்றத்தக்கதேயன்றி இகழத்தக்கதன்று.

இனி, திருத்தம் வேண்டுமிடங்களைக் கூறுவோம்.

முதலாவது, சித்திரத்தை அதன் இடத்தில் வைத்துக் காணவேண்டும். முன்னோட்டத்தில் வருவது ஒளியின்றி, அசைவின்றி, உள்ளங்கை அகலத்தில் தோன்றும் தட்டைப் படம். உண்மை யந்திரத்திலோ முகப்பின் பின்னே விளக்கெரியும்; ஆடுதளத்தின் பெரும்பகுதியைப் பந்தோடும் பாதைகளும் பொம்மைகளும் மறைக்கும்; தளத்திற் பதித்த வண்ண விளக்குகள் ஏற்றிய மாத்திரத்தில் நிறங்களின் உறவே மாறிவிடும். அன்றியும் ஆடுதளச் சித்திரத்திற்கு ஒரு வேலை உண்டு. அடுத்து எங்கே அடிக்கவேண்டும் என்பதை, ஓடும் பந்தின்மேற் கண் வைத்திருப்பானுக்கு இமைப்பொழுதில் அஃது உணர்த்தவேண்டும். தனித்து நோக்குங்கால் வெறுமையாகத் தோன்றும் ஓரிடம், பந்து கண்ணுக்குப் புலனாகும் பொருட்டு வேண்டுமென்றே விடப்பட்டதாயிருக்கலாம். ஆதலின் முன்னோட்ட நாளிற் கூறுவது கருத்தாகலாமேயன்றித் தீர்ப்பாகாது.

இரண்டாவது, சித்திரம் வேறு, ஆட்டம் வேறு என்பதை மறத்தலாகாது. மேற்கூறிய 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' யந்திரத்தின் ஓவியத்தைப் புகழ்ந்தவர்களே, ஆடிப் பார்த்தபின், தட்டுகோல்களின் இடைவெளி அளவிற்கு மேல் அகன்றிருப்பதாகவும் பந்து விரைவில் இழக்கப்படுவதாகவும் குறைகூறினர். 2015இல் வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' யந்திரத்தின் படமோ வந்த நாளில் ஏளனத்துக்குள்ளாயிற்று. ஆனால் அதன் ஆட்ட விதிகளின் ஆழத்தை ஆடத் தெரிந்தோர் பலர் இன்றும் பாராட்டுகின்றனர். அழகிய முகப்பு நல்லாட்டத்திற்குச் சான்றன்று. அழகற்ற முகப்பு தீயாட்டத்திற்கும் சான்றன்று.

இவ்வேறுபாட்டை மறந்தார் இழப்பது பொழுது மட்டுமன்று. அண்மை ஆண்டுகளில் புது யந்திரம் ஒன்றின் விலை ஏறக்குறைய 7,000 டாலர் முதல் 13,000 டாலர் வரை சென்றுள்ளது. ஒரே யந்திரத்தை மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு முகப்பு எழுதி, உயர்ந்த தரத்தை எண்ணிட்ட சில நூறு அல்லது ஆயிரம் பிரதிகளோடு நிறுத்திவிடுவது கம்பெனியார் வழக்கம். பிந்தினால் கிடையாது என்னும் அச்சத்தால், படத்தை மட்டும் கண்டு பணங் கட்டுவோர் பலர். சென்ற பதினைந்தாண்டுகளுள், மனங்கவரும் சித்திரங்களைக் காட்டி முன்பணம் பெற்ற சிறு தொழிலாளர் சிலர், ஆண்டுகள் பல கழிந்தும் யந்திரத்தை முடித்துத் தாராமற்போனதும் உண்டு. பணங் கொடுத்தவர்கள் கையில் எஞ்சியது படமே. சித்திரம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைப் பாராட்டலாம், ஆனால் அது நிறைவேறுமுன் விலை முழுதும் கொடுத்தல் விவேகமாகாது.

மூன்றாவது, குறைகூறுவோர் காரணத்தோடு கூறவேண்டும், உரியவர்பாற் கூறவேண்டும். திரைப்படத்தைத் தழுவிய யந்திரமாயின், ஓவியன் எழுதியது எழுதியவாறே வெளிவருவதில்லை. பட உரிமையுடையார் பார்த்து ஒப்பவேண்டும். சில வேளை நடிகர்தாமே தம் முகத்தோற்றத்திற்கு இசைவு தரவேண்டும். மூக்கைத் திருத்துக, உடையை மாற்றுக, இன்னாரை நடுவில் நிறுத்துக என்று கட்டளைகள் வந்தவண்ணமிருக்கும். முடிவில் வெளிவந்த படத்தின் குறை யாருடையது என்பதை ஆராயாமல், ஓவியன் பெயரைச் சொல்லி எள்ளி நகைத்தல் அறமன்று. 'நன்றாயில்லை' என்னும் சொல்லால் எவரும் எதனையும் திருத்த முடியாது. 'அம்புக்குறியும் பின்னணியும் ஒரே நிறமாதலால் இலக்குத் தெரியவில்லை' என்று ஒருவன் கூறின், அது கம்பெனியாருக்கும் பயன்படும், ஓவியனுக்கும் பயன்படும். புகைப்படத்தை ஒட்டுவதை விடுத்துக் கையால் வரைக என்று அன்று ரசிகர் கேட்டது பலித்ததற்குக் காரணம், அது திட்டமான கோரிக்கையாய் இருந்தமையே.

கம்பெனியார்க்கும் ஒரு கடமை உண்டு. படத்தை வெளியிடும் நாளிலேயே, விளக்கேற்றி, பந்தோட்டி, முழு ஆட்டத்தையும் காட்டுவாராயின் வழக்கிற் பாதி தானே ஒழியும். ஓவியன் பெயரை யாவரும் காணுமாறு பொறித்தலும் வேண்டும். முன்னாளில் ஓவியர் பலர் பெயர் வெளியிற் றெரியாமலே உழைத்து மறைந்தனர். பிற்காலத்து ரசிகரே தேடி எடுத்து அவர்களுக்குப் புகழ் தந்தனர்.

நம் கல்லூரியின் மாணவருட் பெரும்பாலார் இவ்யந்திரத்தைக் கண்டுமிரார். ஆயினும் இவ்வழக்கு அவர்களுக்கும் உரியதே. ஈசாயின் புதல்வருள் மூத்தவனின் உயரத்தையும் முகத்தையும் கண்ட மாத்திரத்தில், இவனே அரசன் என்று எண்ணித் தடுமாறினார் சாமுவேல். தீர்க்கதரிசிக்கே நேர்ந்த தடுமாற்றம் அது. நூலை அட்டையாலும், ஆசிரியரை முதல்நாட் பேச்சாலும், தோழனை உடையாலும் மதிப்பிட்டு, அம்மதிப்பை மாற்றிக்கொள்ள நாணி நிற்போர் நம்மிடையே குறைவல்லர். கண்டதைக் கண்டவாறு கூறுக. கூறியதற்குக் காரணம் தருக. முழுப்பொருளும் வந்தபின், தேவையாயின் மாற்றிக் கூறவும் அஞ்சற்க. இம்மூன்றும் இருந்தால், ஒரு விளையாட்டுப் பெட்டியின் சித்திரத்தைப் பற்றிய வழக்கும் நல்லறிவை வளர்க்கும் பயிற்சியாகும். இல்லையாயின், பெருநூலைப் பற்றிய வழக்கும் வெறும் இரைச்சலாகவே முடியும்.