யாருக்காகக் கூர்தீட்டப்படுகின்றன தோட்டாக்கள்?

மொழிபெயர்ப்புப் பணியில் சில சொற்கள் முள்ளாகத் தைக்கும். படைக்கல நிறுவனங்களின் விளம்பர ஏடுகளில் அடிக்கடி வரும் ‘லெத்தாலிட்டி’ அத்தகைய ஒரு சொல். ‘மேம்பட்ட செயல்திறன்’ என்று தமிழில் எழுதிவிட்டால் படிப்பவர் நெஞ்சில் எதுவும் உறுத்தாது. ஆனால் அதன் நேர்ப்பொருள் கொல்திறன் என்பதே. ஒரு தோட்டா மனித உடலுக்குள் புகுந்து என்ன செய்யும் என்பதன் அளவுகோல் அது. இந்த அளவுகோல் இன்று விற்பனைச் சரக்கின் தரக்குறியீடாகிவிட்டது.

அண்மை ஆண்டுகளில் துப்பாக்கித் தோட்டாவின் வடிவமைப்பு வெகுவாக மாறியுள்ளது. 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை 6.8 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் புதிய துப்பாக்கிகளுக்கு சிக் சாவர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. மார்புக் கவசத்தைத் தொலைவிலிருந்தே துளைக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்குத் தேவையான வேகத்தைத் தர, சதுர அங்குலத்துக்குச் சுமார் 80,000 பவுண்டு அழுத்தம் வேண்டும். பித்தளை உறை மட்டும் அதைத் தாங்காது என்பதால் உறையின் அடிப்பகுதியை எஃகால் செய்தார்கள். இதே தோட்டாவின் மறுவடிவம் ‘.277 ஃப்யூரி’ என்ற பெயரில் அந்நாட்டின் கடைகளில் பொதுமக்களுக்கும் விற்கப்படுகிறது. நமது இராணுவமும் 5.56 மி.மீ. இன்சாஸைக் கைவிட்டு 7.62 மி.மீ. துப்பாக்கிகளுக்கு மாறி வருகிறது. 2019இல் 72,400 துப்பாக்கிகள் அதே சிக் சாவரிடமிருந்து வாங்கப்பட்டன.

தோட்டாவின் வரலாற்றில் நம் மண்ணின் பெயர் முன்பே பதிந்துள்ளது. 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், உடலுக்குள் நுழைந்ததும் முனை விரிந்து சிதைக்கும் குண்டை ஆங்கிலேயர் உருவாக்கினர். வடமேற்கு எல்லைப்புற மக்கள் மீது அதைப் பயன்படுத்தினர். 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு போரில் அத்தகைய குண்டுகளைத் தடை செய்தபோது பிரிட்டன் எதிர்த்தது. ‘நாகரிகமற்ற’ எதிரியை நிறுத்த வேறு குண்டு போதாது என்பது அதன் வாதம். ஒரு கருவியின் தொழில்நுட்பத்தை, அது யார் மீது திருப்பப்படுகிறது என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தோட்டாவால் ஆதாயம் அடைவது யார்? துப்பாக்கி பல பத்தாண்டுகள் உழைக்கும். தோட்டாவோ ஒருமுறை வெடித்ததும் தீர்ந்துவிடும். மீண்டும் வாங்கியாக வேண்டும். ஆகவேதான் மூலதனத்துக்கு அதன்மீது இத்தனை மோகம். 2021 அக்டோபர் 1 அன்று மோடி அரசு படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, அதன் 41 ஆலைகளை ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்டது. நீலகிரியின் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் சென்றது. எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்த தொழிலாளர்களுக்கு அரசு தந்த விடை அவசரச் சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுச் சிறை என்றது அது. 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாயை அடைத்த மூன்றே ஆண்டுகளுக்குள், 2024 பிப்ரவரியில், கான்பூரில் 500 ஏக்கரில் அதானியின் வெடிபொருள் வளாகம் திறக்கப்பட்டது. தொடக்க உற்பத்தியே 15 கோடித் தோட்டாக்கள். நாட்டின் ஆண்டுத் தேவையில் கால்பங்கு என்று அந்நிறுவனமே பெருமையுடன் அறிவித்தது.

இலாபத்துக்காக இயங்கும் ஆலை, இராணுவத்தின் தேவை குறைந்தால் மூடிக்கிடக்காது. வேறு சந்தையைத் தேடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள லேக் சிட்டி ஆலை அரசுக்குச் சொந்தமானது. நடத்துவது தனியார் ஒப்பந்த நிறுவனம். இராணுவத்துக்குப் போக மிஞ்சும் திறனைக் கொண்டு அது பொதுச்சந்தைக்கும் தோட்டாக்களைச் செய்து விற்கிறது. அவை பல படுகொலைக் களங்களில் கிடந்ததை 2023இல் அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று வெளிக்கொணர்ந்தது. நமது நாட்டில் ஆயுதச் சட்டம் கடுமையானதால் உள்நாட்டுச் சந்தை சிறியது. எஞ்சியிருப்பது ஏற்றுமதி. காசாவில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த 2024ஆம் ஆண்டின் மே மாதத்தில், சென்னையிலிருந்து வெடிபொருள் ஏற்றி இஸ்ரேலை நோக்கிச் சென்ற கப்பலைத் தன் துறைமுகத்தில் அனுமதிக்க ஸ்பெயின் மறுத்தது. ஸ்பெயினுக்கு இருந்த மனச்சாட்சி நம் ஒன்றிய அரசுக்கு இல்லாமற்போனது.

தோட்டா எல்லைக்கு அப்பால் மட்டுமே பாய்வதுமில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓடித் தப்பியவர்கள் மீதும் காவல்துறை சுட்டதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பதிவு செய்துள்ளது.

பொம்மசந்திராவில் நம்மிடையே உள்ள தோழர்கள் சிலர் கேட்கும் கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. ‘நமக்கு வேலை வேண்டாமா? இராணுவத்துக்குத் தோட்டா வேண்டாமா?’ நியாயமான கேள்விதான். ஓசூர் சாலையின் இருபுறமும் உள்ள பட்டறைகளில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வரைபடம் தரப்படுகிறது. அந்தப் பாகம் எங்கே பொருந்தும் என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. அவரைக் குற்றவாளியாக்குவது நம் வேலையன்று. நாட்டின் தற்காப்புக்குத் தோட்டா தேவை என்பதையும் நாம் மறுக்கவில்லை. தற்காப்புக்கான உற்பத்தி பொதுத்துறையில் இருந்தால் தேவை நின்றவுடன் ஆலையை வேறு பயனுள்ள உற்பத்திக்குத் திருப்பலாம். கணக்கை நாடாளுமன்றம் கேட்கலாம். தனியார் கையிலோ போர் நீடிப்பதே பங்குதாரரின் நலனாகிவிடும். அந்த வேலைவாய்ப்பின் நிலைத்தன்மை பிறருடைய சாவைச் சார்ந்தது. அது தொழிலாளிக்கும் பாதுகாப்பன்று.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். படைக்கல ஆலைகள் மீண்டும் அரசுத் துறையாக வேண்டும். அவற்றின் தொழிலாளர்கள் ஒன்றிய அரசு ஊழியர்களாகவே நீடிக்க வேண்டும். வேலைநிறுத்த உரிமை இனி ஒருபோதும் பறிக்கப்படக் கூடாது. இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதி நிறுத்தப்பட வேண்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தோட்டாவின் சேருமிடமும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இவற்றைப் பொம்மசந்திரா, ஜிகனி, ஓசூர் ஆலை வாயில்களில் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எடுத்துச் சொல்வது நம் கடமை. அப்போது ‘லெத்தாலிட்டி’ என்ற சொல்லைக் கொல்திறன் என்றே மொழிபெயர்ப்போம். எதைச் செய்கிறோம் என்பதை உழைப்பவர் தம் மொழியில் அறிந்துகொள்வதிலிருந்துதான் எதிர்ப்பு தொடங்கும்.