நாட்குறிப்பேடும் கைப்பேசியும்

மக்கட்கு வாய்த்த செல்வங்களுள் காலம் ஒன்றே செல்வர்க்கும் வறியர்க்கும் ஒரே அளவாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24 மணி என்பது கல்லூரி முதல்வர்க்கும், வாயிற் காவலர்க்கும், எம் போன்ற மாணாக்கர்க்கும் பொதுவேயாம். அதனைச் செலவிடும் வகையிலேதான் வேறுபாடு தோன்றுகின்றது. இவ்வுண்மையை உணர்ந்தன்றோ திருவள்ளுவனார் பொருட்பாலிற் காலமறிதல் என ஓர் அதிகாரமும், பொச்சாவாமை என மற்றோர் அதிகாரமும் வகுத்தனர்? பொச்சாவாமையாவது, உவகைக் களிப்பினால் கடமையை மறந்திராமை. திருமறையிலும், மோசேயின் ஜெபம் எனப்படும் 90-ஆம் சங்கீதம் மனிதர் வாழ்நாளின் குறுக்கத்தையும், நாட்களை எண்ணியறிதலின் இன்றியமையாமையையும் எடுத்துரைக்கின்றது.

இம்மறவாமைக்குத் துணையாகுங் கருவி யாது? எம் விடுதியில் இது குறித்து இரு கட்சிகள் உள. ஒரு சாரார், கைப்பேசி ஒன்றே போதும், தாளும் எழுதுகோலும் பண்டைக் காலத்துப் பொருள்கள் என்பர். மற்றொரு சாரார், நாளைய கடமையை இன்று தாளில் எழுதிவைக்கும் நாட்குறிப்பேட்டினையே போற்றுவர். இவ்விரண்டனையும் சீர்தூக்கி எமக்குத் தோன்றியதை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். நடந்ததை எழுதுதல் வேறு. நடத்த வேண்டியதை எழுதுதல் வேறு. புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு முன்னையதற்குச் சிறந்த சான்று. யாம் இங்குப் பேசுவது பின்னையதனைப் பற்றியே.

கைப்பேசியின் நன்மைகளை மறுப்பார் எவரும் இலர். குறித்த மணியில் அது தவறாது ஒலிக்கின்றது. வாரந்தோறும் வரும் வகுப்பினை ஒருமுறை பதிவு செய்யின், ஆண்டு முழுவதும் தானே நினைவூட்டுகின்றது. பன்னாட்களுக்கு முன் குறித்த செய்தியையும், ஒரு சொல்லை இட்டுத் தேடின், நொடியில் எடுத்துத் தருகின்றது. கருவியே தொலைந்துபோயினும், குறிப்புகள் இணையக் கணக்கிற் சேமிக்கப்பட்டிருப்பின் அவற்றை மீண்டும் பெறலாம். கட்புலன் இழந்த மாணாக்கர்க்குக் குறிப்பினைப் படித்துச் சொல்லும் கைப்பேசியின் உதவியை எந்த வெள்ளைத் தாளும் செய்ய வல்லதன்று. குறிப்பேடோ ஒலிப்பதில்லை, மழையில் நனையும், பேருந்தில் மறந்து வைப்பின் போனது போனதே.

ஆயினும், எம் தவறு ஒன்றனை இங்கு மறையாது கூறுதல் முறையாகும். சென்ற ஆண்டில், ஊரிலே தனித்து வாழும் எம் பாட்டியார்க்குக் கண்புரை அறுவைக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டது. “நீ வந்துவிடுவாயல்லவா, ஐயா?” என அவர் கேட்டார். வருவதாக வாக்களித்தோம். முன்னாள் மாலை ஆறு மணிக்கு ஒலிக்குமாறு அன்றே கைப்பேசியிற் பதிந்தும் வைத்தோம். கைப்பேசி தன் கடமையில் தவறவில்லை; குறித்த மணிக்கு ஒலித்தது. அவ்வேளை யாம் தோழருடன் கிரிக்கெட் ஆட்டத்தைக் கண்டுகொண்டிருந்தோம். இன்னதென நோக்காமலே விரலால் அதனை ஒதுக்கிவிட்டோம். திரையில் அதன் சுவடும் எஞ்சவில்லை. மறுநாள் நண்பகலிலேதான் நினைவு வந்தது. ஓடிச் சென்று பார்த்தபோது, அண்டை வீட்டு அம்மையாரைத் துணைக்கொண்டு பேருந்திற் சென்று திரும்பிய பாட்டியார், கட்டிய கண்ணுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். எம்மைக் கடிந்து அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. “பரீட்சை நெருங்கிவிட்டதோ?” என்று மாத்திரம் வினவினார். அவ்வினாவே எமக்குத் தண்டனையாயிற்று.

அன்றிரவு யாம் சிந்தித்தது இது. கருவி மறக்கவில்லை, யாமே மறந்தோம். அது நினைவு வைத்துக்கொள்ளும் என்னும் துணிவினால், நெஞ்சிற் சுமக்க வேண்டிய வாக்கினை, பதிவு செய்த கணமே இறக்கி வைத்துவிட்டோம். தாளில் எழுதினும் இறக்கி வைத்தலேயன்றோ எனின், அற்றன்று. தாள் நம்மை அழைப்பதில்லை. நாமே அதனை நாடிச் செல்லவேண்டும். நாள்தோறும் அங்ஙனம் நாடிச் சென்று நோக்குதல், கொடுத்த வாக்கினை நாள்தோறும் புதுப்பித்தலாகும். மேலும், செய்யாது விட்ட செயல் கைப்பேசியில் ஒரு விரலசைவில் மறைகின்றது. தாளிலோ, அவ்வரி எழுதியபடியே நின்று நம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றது.

அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதையிற் கூறும் செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. அவர் பதின்மூன்று நற்பண்புகளைத் தேர்ந்து, சிறு புத்தகம் ஒன்றில் பண்புக்கொரு பக்கம் வகுத்து, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கோடிட்டு, தவறிய இடந்தோறும் கரும்புள்ளி இட்டு வந்தார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அப்புத்தகத்தின் தாள் துளைபட்டுப்போயிற்று. பின்னரே அழித்தெழுதத்தக்க தந்த ஏடுகளுக்கு அக்கணக்கினை அவர் மாற்றினார். அப்பதின்மூன்றனுள் ஒழுங்கு என்பதே தமக்குப் பெருந்தொல்லை தந்தது எனவும் ஒளியாது ஒப்புக்கொள்கின்றார். துளைபட்ட அத்தாளே அவர்தம் முயற்சிக்குச் சான்று. கைப்பேசியில் ஆயிரம் தவறுகளை ஒதுக்கினும் அதன் திரையில் ஒரு துளையும் விழுவதில்லை.

நம் காலத்தில், ரைடர் கரோல் என்னும் அமெரிக்கர் 2013-இல் புல்லட் ஜர்னல் என்னும் முறையினை வெளியிட்டார். வெறும் நோட்டுப் புத்தகமே அதற்குப் போதும். முடியாத வேலைகளை அடுத்த பக்கத்திற்குக் கையாலேயே மீண்டும் பெயர்த்தெழுதுக என்பது அதன் விதிகளுள் ஒன்று. இது வீண் உழைப்பன்றோ என எண்ணலாம். அவ்வுழைப்பே அதன் பயன். மூன்றாம் முறை ஒரு வரியைப் பெயர்த்தெழுதும்போது, ‘இதனைச் செய்யப் போகின்றோமா, அன்றிக் கைவிடப் போகின்றோமா?’ என நம்மை நாமே வினவாதிருத்தல் இயலாது. கைப்பேசியிலோ, ‘பின்னர் நினைவூட்டு’ என்பதனைத் தொட்டு அவ்வினாவினின்று முடிவின்றித் தப்பலாம்.

கையால் எழுதுவோர் மிகுதியாக நினைவிற் கொள்வர் என ஆராய்ச்சி நிறுவியுள்ளது எனச் சிலர் கூறுவர். மடிக்கணினியிற் குறிப்பெடுத்த மாணாக்கரையும் கையால் எழுதியோரையும் ஒப்பிட்டு, முல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் 2014-இல் அவ்வாறு எழுதியது உண்மையே. ஆயின் அவ்வாராய்ச்சியை 2019-இலும் 2021-இலும் மீண்டும் செய்து பார்த்தோர்க்கு அவ்வேறுபாடு அத்துணைத் தெளிவாகப் புலப்படவில்லை. அன்றியும், அது வகுப்புக் குறிப்பினைப் பற்றியது, நாட்கடமையைப் பற்றியதன்று. ஆதலின் எம் கொள்கையை அதன்மேல் நிறுத்துதல் தகாது. யாம் கூறுவது நினைவாற்றலைப் பற்றியதன்று, மனச்சாட்சியைப் பற்றியது.

குறிப்பேட்டைக் கைக்கொண்டாரிலும் பிழை உண்டு. விலையுயர்ந்த ஏட்டினை வாங்கி, வண்ண மையாலும் ஒட்டுப் படங்களாலும் அணிசெய்து, ஜனவரித் திங்களிற் பதினைந்து நாள் எழுதிப் பின் கைவிடுவாரை யாம் கண்டுள்ளோம். அஃது அலங்காரமேயன்றி ஒழுங்கன்று. கடைத்தெருவில் வாங்கும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றே சாலும்.

ஆகவே, யாம் கைப்பேசியை எறிந்துவிடுக எனக் கூறவில்லை. இரயில் புறப்படும் நேரம், பரீட்சைக் கட்டணத்தின் இறுதி நாள், விடியலில் எழும் வேளை ஆகியவற்றை அதனிடமே ஒப்புவிக்கலாம். இன்று எதனைச் செய்வோம், எவர்க்கு என்ன வாக்களித்தோம், நேற்று எதில் தவறினோம் என்பனவற்றையோ நம் கையாலே எழுதுதல் வேண்டும். மணியைக் கைப்பேசி சொல்லட்டும். மனத்தை ஏடு கேட்கட்டும். இரவில் ஜெபத்திற்கு முன் பத்து நிமிடம் இதற்குப் போதும்.

எம் பாட்டியாரின் மற்றைக் கண்ணுக்கு இவ்வாண்டு அறுவை நடைபெற்றது. அந்நாள் குறிக்கப்பட்டது முதல் பதினொரு இரவுகள் அவ்வொரு வரியை எம் நோட்டுப் புத்தகத்தில் மீண்டும் மீண்டும் எழுதினோம். பன்னிரண்டாம் நாட் காலையில், அவர் கைப்பிடித்துப் பேருந்தில் ஏற்றியது எம் கையே.

சகோதர சகோதரிகாள்! நாட்கள் நமக்கு இரவலாகவே கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு நாள் அவற்றிற்குக் கணக்குக் கேட்கப்படும். அக்கணக்கினை எக்கருவியும் நம்பொருட்டு ஒப்புவிக்க மாட்டாது. ஆதலின் அதனை இன்றே நம் கையால் எழுதத் தொடங்குவோமாக.