காலில் ஒரு சிவப்புக் கோடு

எனக்குப் பல வருஷமாகவே காலில் நரம்புச் சுருட்டல் உண்டு. நாம் நரம்பு என்கிறோமே தவிர, அது ரத்தக்குழாய்தான். கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் விண்விண் என்று தெறிக்கும். அதனால் போன தை மாதம் முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பார்த்தால், அந்த நரம்பின் மேலேயே சிவந்த கோடு. தொட்டால் சுடுகிறது, கயிறு மாதிரி கெட்டியாக இருக்கிறது. "சுளுக்காத்தான் இருக்கும், வாம்மா, விளக்கெண்ணெய் காய்ச்சி நீவி விடறேன்" என்று அத்தை கிண்ணத்தோடு வந்துவிட்டார். தொட விடமுடியாத வலி, அதனால் தப்பித்தேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "தேய்க்கலையே?" என்றுதான். மேல்நரம்பில் ரத்தம் உறைந்திருக்கிறதாம். அழுத்தித் தேய்க்கவே கூடாது. சீழ்ப்புண் இல்லை, அதனால் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்றார். கருத்தடை மாத்திரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா என்றெல்லாம் விசாரித்தார்.

டாப்ளர் ஸ்கேனில் உறைந்த பகுதி 7 சென்டிமீட்டர் நீளம். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் வெதுவெதுப்பான ஒத்தடம், வலி மருந்து, பூசும் ஜெல் இவற்றிலேயே அடங்கிவிடுமாம். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆழத்திலுள்ள பெரிய குழாய்க்குப் பரவாமலிருக்க, ரத்தம் உறையாத ஊசி 45 நாள். தொடை இடுக்கை நெருங்கிவிட்டால் வைத்தியம் இன்னும் நீளும். எனக்கு 45 நாளும் வயிற்று மடிப்பைப் பிடித்து அவரே போட்டுவிட்டார். முதல் நாள் என்னைவிட அவருக்குத்தான் கை நடுங்கியது! ஊசி போடும் நாட்களில் வலி மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது, ரத்தக்கசிவு வரும்.

இந்தச் சாக்கிலாவது நாலு நாள் காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் வழியில்லை. நடக்கத்தான் சொன்னார். உட்காரும்போது மட்டும் காலைத் தலையணை மேல் வைத்துக்கொள்ளலாம். காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்கமான காலுறை கொடுத்தார்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். ஒரு கால் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிவப்பு பத்து நாளில் மறைந்தது. அந்தக் கெட்டிக் கயிறு கரைய மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு மட்டும் இருக்கிறது.